ஆய்வாளர் சமூகம், உறுப்பினர் ஒருவர்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற சாலையில், இரண்டு பக்கமும் கருவேலமரம் தவிர வேறெதுவும் வளர மறுக்கிற ஓர் இடத்தில், தங்கம்மாள் நினைவுக் கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. நுழைவு வளைவில் "அறிவே சமூகம், சமூகமே அறிவு" என்று எழுதியிருக்கும். இதற்கு என்ன அர்த்தம் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்கிற ஆட்களுக்கு அங்கே வருகைப்பதிவு குறைந்துவிடும்.

அந்தக் கல்லூரியின் பொருளாதாரத் துறையில் ஓர் ஆய்வு மையம் உண்டு. ஆய்வு மையம் என்றால் ஓர் அறை, ஒரு மேஜை, சுற்றாத ஒரு மின்விசிறி, அப்புறம் காளீஸ்வரி. ஒரு காலத்தில் ஏழு பேர் இருந்தார்கள். ஒருவர் எம்.ரெட்டியபட்டியில் இ-சேவை மையம் வைத்துவிட்டார். ஒருவர் போலீஸ் தேர்வில் தேறிவிட்டார். இரண்டு பேர் கல்யாணம் ஆகிப் போனார்கள். இன்னும் இரண்டு பேர் ஒருநாள் மத்தியானம் சாப்பிடப் போனவர்கள் திரும்பவேயில்லை. மிஞ்சியது காளீஸ்வரி மட்டும்தான்.

காளீஸ்வரி பரளச்சிக்காரி. வீட்டில் பத்து ஏக்கர் கரிசல். மழை பெய்தால் பருத்தி, பெய்யாவிட்டால் பேச்சு. கண்மாய்கள் தூர்ந்துபோன பிறகு இந்தப் பக்கத்துப் பருத்திச் சம்சாரிகள், அதாவது விவசாயிகள், எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதுதான் அவளுடைய ஆய்வு. முந்நூற்றுப் பன்னிரண்டு சம்சாரிகளைக் காடு காடாகத் தேடிப் போய்க் கேட்டு எழுதினாள். "இந்தத் தாள நெரப்புனா மழ வருமா தாயி?" என்று ஒருவர் கேட்டார். அதையும் எழுதிக்கொண்டாள். நல்ல ஆய்வு அது. நான் படித்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

அவளுக்கு ஒரு கெடு இருந்தது. பதிவு செய்து ஆறு ஆண்டுகள் முடிகிற மார்ச் முப்பத்தொன்றாம் தேதிக்குள் நெறியாளர் கையெழுத்தையும் முதல்வர் முத்திரையையும் வாங்கி, ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். தவறினால் பதிவு ரத்து, ஆறு வருஷமும் காற்றோடு போகும். காளீஸ்வரி கெட்டிக்காரி. ஜனவரியிலேயே ஆய்வேட்டை முடித்து, அது வேறு எங்கிருந்தும் திருடியதல்ல என்று கணினியில் ஏற்றிச் சோதித்துச் சான்று வாங்கி, ஐந்து பிரதிகளைக் கட்டி எடுத்துக்கொண்டு நெறியாளர் கோகிலாம்பாள் முன்னால் போய் நின்றாள்.

"நல்லா வந்திருக்கு தாயி. அட்டையத்தான் பச்சையா போட்டிருக்கலாம்" என்றார் கோகிலாம்பாள். பேனா மூடியைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து முதல்வர் முனீஸ்வரன் ஒரு தடித்த படிவத்தோடு உள்ளே வந்தார்.

அது தரமதிப்பீட்டுக் குழுவின் படிவம். டெல்லியிலிருந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை வருகிற அந்தக் குழு மார்க் போட்டால்தான் கல்லூரிக்கு எழுத்துத் தகுதி கிடைக்கும். எழுத்து என்றால் ஏ, பி, சி. அதில் இந்தத் தடவை புதிதாக ஒரு கேள்வி முளைத்திருந்தது: 'ஆய்வு மாணவர்கள் ஒரு சமூகமாக வாழ்கிறார்களா? ஆம் எனில் கடந்த ஐந்தாண்டுச் சான்றுகளை இணைக்கவும். மதிப்பெண் 20.'

"மேடம், இவுக ஒப்படைச்சிட்டுப் போயிட்டா நம்மகிட்ட ஆய்வாளர் எத்தன பேரு?" என்று கேட்டார் முதல்வர்.

"ஒருத்தருமில்ல சார்."

"ஒருத்தருமில்லாம சமூகமா வாழுறாகன்னு எப்படி எழுதுறது?"

கோகிலாம்பாள் பேனாவை மூடினார். முப்பது வருஷ சர்வீஸில் அவர் முதல்வர்கள் யாரையும் மறுத்துப் பேசியதில்லை. முதல்வர்கள்தான் மாறிக்கொண்டே இருந்தார்கள்.

"குழு பிப்ரவரி பதினெட்டு வருது. பத்தொம்பதாந்தேதி காலைல கையெழுத்து. இது என் வாக்கு. அதுவரைக்கும் நீ சமூகமா இரும்மா" என்றார் முதல்வர்.

"நான் ஒருத்திதான சார் இருக்கேன்?"

"ஒத்துமைக்குப் பிரச்சனையே இல்ல பாத்தியா?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சமூகம் என்றால் தலைவர் வேண்டும். தலைவர் வேண்டும் என்றால் தேர்தல் வேண்டும். அலுவலக எழுத்தர் தங்கபாண்டி தேர்தல் அதிகாரி ஆனார். தங்கபாண்டி விதிமுறையில் கறார். காளீஸ்வரி வேட்புமனு போட்டாள், அவளே முன்மொழிந்தாள், அவளே வழிமொழிந்தாள். நூலகத்தின் மூலையில் திரை கட்டி ரகசிய வாக்கெடுப்பு நடந்தது. எண்ணிப் பார்க்கையில் பதிவான வாக்கு ஒன்று, செல்லாதவை இல்லை. ஆனாலும் தங்கபாண்டி தேர்தலை ரத்து செய்தார். வேட்பாளர் வாக்குச்சாவடிக்குள்ளேயே வாக்காளரோடு இருந்தார் என்பது அவர் கண்டுபிடித்த குற்றம். மறுநாள் மறுதேர்தல் நடந்தது. அதில் வேட்பாளரை வெளியே நிறுத்திவிட்டு வாக்காளரை மட்டும் உள்ளே அனுப்பினார். எப்படி அனுப்பினார் என்று என்னைக் கேட்காதீர்கள். அனுப்பியதாகத்தான் பதிவேட்டில் இருக்கிறது.

தலைவர், செயலாளர், பண்பாட்டுச் செயலாளர் மூன்று பதவிக்கும் அவளே வந்தாள். ஆண்கள் பிரதிநிதி என்று ஒரு பதவி இருந்தது. அதற்குக் கூடுதல் பொறுப்பு கொடுத்தார்கள்.

அடுத்தது ஐந்தாண்டுச் சான்று. நடக்காத கூட்டங்களுக்கு நடவடிக்கைக் குறிப்பு எழுதுவது நம் கல்லூரிகளில் எல்லோரும் செய்கிற வேலைதான். ஆனால் தங்கபாண்டி மாதிரி செய்ய ஆள் கிடையாது. வருஷத்துக்கு ஒரு பேனா, வருஷத்துக்கு ஒரு பசை. எழுதி முடித்த நோட்டுகளை, தாள் பழசாகத் தெரிவதற்காக, மொட்டைமாடியில், கேண்டீன்காரர்கள் மோர்மிளகாய் காயப்போடுகிற தார்ப்பாயிலேயே ஓரமாக விரித்துவைத்தார்.

"இருவத்தொன்னுக்கு ஆறு வெயிலு. இருவத்தி மூணுக்கு மூணு வெயிலு போதும். போன வருஷத்த நெழல்ல ஆறப்போடு" என்றார். அருப்புக்கோட்டை வெயிலுக்கு இப்படி ஒரு படிப்பு சம்பந்தமான பயன் இருக்கும் என்று அதுவரை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

காளீஸ்வரி உட்கார்ந்து எழுதினாள். 'மே 2021: ஆய்வாளர்கள் ஒன்றுகூடிக் கும்மியடித்து மகிழ்ந்தனர்.'

"அண்ணே, அப்ப ஊரடங்குல்ல?"

"எடவெளி விட்டு அடிச்சீங்கன்னு எழுதும்மா."

அப்படியே எழுதினாள். பத்தொன்பதாம் தேதி கையெழுத்து கிடைத்துவிடும் என்று நம்பினாள். நம்பினவளை முட்டாள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆறு வருஷம் ஒன்றை வளர்த்தவளுக்கு அதைக் காப்பாற்ற எந்தக் கூத்தையும் ஆடத் தோன்றும். விளையாட்டு விழாவில் தனியாக நூறு மீட்டர் ஓடினாள். நடுவராக நின்ற உடற்கல்வி இயக்குநர் அவளுக்கு இரண்டாம் பரிசு கொடுத்தார். முதல் பரிசுக்கான வேகம் இல்லையாம்.

பிப்ரவரி பதினேழாம் தேதி குழுவிடமிருந்து கடிதம் வந்தது. வருகை மார்ச் பத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. மார்ச் ஒன்பதாம் தேதி இன்னொரு கடிதம். வருகை ஏப்ரல் ஆறு.

காளீஸ்வரி முதல்வர் அறைக்கு ஓடினாள். "சார், மார்ச் முப்பத்தொண்ணோட என் பதிவு முடியுது. ஏப்ரல் ஆறு வரைக்கும் நான் எப்படி சார் இருப்பேன்?"

"இருக்கணும்."

"சார், ஆறு வருஷம் சார். எங்கப்பா என்னைய இதுக்காக ஒண்ணும் சொல்லாம வச்சிருக்காக சார்."

முதல்வர் எழுந்து நின்றார். அவருக்கு உணர்ச்சி வந்தால் எழுந்து நிற்பார், மேடைத் தமிழும் கூடவே வந்துவிடும். "ஒரு தனிமனிதரின் பட்டம் பெரிதா, ஒரு சமூகம் பெரிதா? நான் முனைவர் பட்டம் வாங்கியவன். அதை வாங்கி என்ன கண்டேன்? நான் எழுதியதை நானே இன்றுவரை படித்ததில்லை. பட்டம் யாருக்கும் வரும் அம்மா. சமூகம் எல்லோருக்கும் வாய்க்காது." பிறகு உட்கார்ந்து, சாதாரணக் குரலில், "கெடு நீட்டிப்பு கேளு. குறை ஏதாவது இருந்தா குறைதீர்க்கும் குழுவுல எழுதிக் குடு" என்றார்.

குறைதீர்க்கும் குழுவின் தலைவர், விதிப்படி, ஆய்வாளர் சமூகத்தின் தலைவர். அதாவது காளீஸ்வரி.

மார்ச் இருபத்துநான்காம் தேதி விசாரணை நடந்தது. மேஜைக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் ஒரு நாற்காலி. முதல்வர் பார்வையாளர், கோகிலாம்பாள் சாட்சி, தங்கபாண்டி பதிவாளர். காளீஸ்வரி இந்தப் பக்கம் உட்கார்ந்து, நெறியாளர் கையெழுத்துப் போட மறுக்கிறார் என்ற புகாரை வாசித்தாள். பிறகு எழுந்து அந்தப் பக்கம் போய், புகாரைப் பெற்றுக்கொண்டாள்.

"கேள்வி கேளுங்க தலைவரே" என்றார் தங்கபாண்டி.

"நான் என்னத்த அண்ணே கேக்க?"

"'புகார்தாரருக்குப் பொறுமை இருக்கா'ன்னு கேளுங்க."

கேட்டாள். எழுந்து இந்தப் பக்கம் வந்து, இல்லை என்றாள். இப்படிப் பதினோரு முறை மாறி மாறி உட்கார வைத்தார்கள். வெயிலில் நடந்து பழகிய கால்தான், ஆனாலும் வலித்தது. கடைசியில் முதல்வர் தீர்ப்பைச் சொல்ல, தங்கபாண்டி எழுதினார்: 'புகாரைத் தலைவர் பரிவுடன் கேட்டறிந்து, சமூகத்தின் நலன் கருதித் தள்ளுபடி செய்தார். தீர்ப்பைப் புகார்தாரர் மனமுவந்து ஏற்றார்.' இரண்டு இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.

காளீஸ்வரி பேனாவைக் கீழே வைத்தாள். கோகிலாம்பாள் அவள் காதருகே குனிந்து பேசினார். "போட்ரு தாயி. குறை எதுவும் நிலுவையில இல்லன்னு சான்று இருந்தாத்தான் நீட்டிப்பு மனுவ யுனிவர்சிட்டி எடுத்துக்குவாக. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

காளீஸ்வரி இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டாள்.

நீட்டிப்பு மனு போனது. ஏப்ரல் இரண்டாம் தேதி பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வந்தது. 'தங்களுக்குக் குறை ஏதும் இல்லை என்று சான்று இணைக்கப்பட்டுள்ளது. குறை ஏதும் இல்லாதவருக்குக் காலதாமதம் ஏற்பட முகாந்திரம் இல்லை. எனவே நீட்டிப்பு மறுக்கப்படுகிறது. தங்கள் பதிவு 31.03.2026 முதல் ரத்து.'

அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போனதும் அப்பா மொக்கையன் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ரத்து என்ற சொல்லை மட்டும் இரண்டு தடவை படித்தார்.

"வேற எங்கிட்டாவது குடுக்க முடியாதா?"

"முடியாதுப்பா."

"அப்ப நீ எழுதுனது?"

"சும்மா வச்சுக்கலாம்ப்பா."

அவர் கடிதத்தை மடித்து அவளிடம் கொடுத்துவிட்டு வெளியே போனார். அம்மா மூக்கம்மாள்தான் பேசினாள். "அந்தக் காலேசுல ஒரு மனுசப்பய கூடவா இல்ல?" காளீஸ்வரி அழுதாள். அத்தனை மாதம் அழாமல் இருந்ததையும் சேர்த்து அழுதாள்.

ஏப்ரல் ஆறாம் தேதி அவள் கல்லூரிக்குப் போனதற்கு ஒரே காரணம், குழுத் தலைவரிடம் உண்மையைச் சொல்லிவிடுவது. வாழைமரம் கட்டியிருந்தார்கள். சாலையிலிருந்து கட்டடம் வரை கருவேலத்தை வெட்டிவிட்டு, தொட்டியில் குரோட்டன்ஸ் வைத்திருந்தார்கள். குழுத் தலைவர் வடக்கே ஏதோ பல்கலைக்கழகத்தில் துணைவேந்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வெயிலில் முகம் சிவந்து, தலைக்கு மேல் துண்டு போட்டபடி வந்தார். ஆய்வு மையத்து மின்விசிறி அன்றைக்கு மட்டும் சுற்றியது.

"ஆய்வாளர் சமூகத்தைச் சந்திக்கலாமா?" என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"இதோ" என்று முதல்வர் காளீஸ்வரியைக் காட்டினார். "ஐயா, எங்கள் ஆய்வாளர்களிடையே இந்த ஐந்தாண்டில் ஒரு சண்டை கிடையாது. கருத்து வேறுபாடு கிடையாது. தேர்தலில் நூறு சதவீத வாக்குப்பதிவு. வந்தது ஒரே ஒரு புகார், அதையும் ஒரே அமர்வில் தீர்த்துவைத்தோம்."

குழுத் தலைவர் தலையாட்டிக்கொண்டே நோட்டுகளைப் புரட்டினார். 2021ஆம் ஆண்டு நோட்டை முகர்ந்து பார்த்து, லேசாக மோர்மிளகாய் வாசனை வருவதாகச் சொல்லி, இந்த மண்ணின் மணம் என்று பாராட்டினார்.

"சார்" என்றாள் காளீஸ்வரி. ஆங்கிலத்தில், தெளிவாகத்தான் சொன்னாள். "நான் இந்தக் கல்லூரி ஆய்வாளரே இல்லை. என் பதிவு போன மாதம் ரத்தாகிவிட்டது. ஜனவரியிலேயே ஆய்வேட்டை முடித்துவிட்டேன். உங்களுக்குக் காட்டுவதற்காக என்னைப் பிடித்துவைத்துக்கொண்டு கையெழுத்துப் போடவில்லை. இந்த நோட்டு எல்லாம் பொய். இந்தச் சமூகத்தில் ஒருவரும் இல்லை."

முதல்வரின் முகம் வெளிறியது. கோகிலாம்பாள் தரையைப் பார்த்தார். குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, தன் படிவத்தில் எதையோ தேடினார்.

"அப்படியானால் இந்த மையத்தில் ஆய்வை முடிக்காமல் நிலுவையில் இருப்பவர் எத்தனை பேர்?"

"ஒருத்தரும் இல்லீங்கய்யா" என்றார் கோகிலாம்பாள், பழக்க தோஷத்தில்.

"ஒருவர்கூடவா?" குழுத் தலைவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "நான் இருநூறு கல்லூரிகளைப் பார்த்துவிட்டேன். எல்லா இடத்திலும் பத்து வருஷம், பன்னிரண்டு வருஷம் என்று ஆய்வாளர்கள் தேங்கிக் கிடக்கிறார்கள். நாட்டுக்கே அது பெரிய தலைவலி. நிலுவை பூஜ்யம் என்று ஒரு கல்லூரியை இன்றுதான் பார்க்கிறேன். எப்படிச் செய்தீர்கள்?"

முதல்வருக்கு ரத்தம் திரும்பி ஓட ஒரு நொடிதான் ஆனது. "ஆறாண்டு விடாமுயற்சி, ஐயா. ஏழு பேர் இருந்தார்கள். ஒவ்வொருவராக அனுப்பிவைத்தோம். இந்தப் பெண்தான் கடைசி. இவரை அனுப்புவதுதான் கொஞ்சம் சிரமமாக இருந்தது."

குழுத் தலைவர் காளீஸ்வரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவள் சொன்னதில் பொய், கையெழுத்து போன்ற சொற்களுக்கு அவருடைய படிவத்தில் கட்டம் இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று தங்கபாண்டி வந்து சொன்னார். கல்லூரிக்கு ஏ பிளஸ் கிடைத்தது.

மே மாதக் கடைசியில் கோகிலாம்பாள் போன் செய்தார். ஆய்வாளர் ஒருவராவது இல்லாவிட்டால் மையத்தின் அங்கீகாரம் போய்விடுமாம். மறுபடியும் பதிவு செய்துகொள்ளச் சொன்னார்.

"என் ஆய்வ அப்படியே குடுத்துரலாமா மேடம்?"

"அது முடியாது தாயி. கணினியில போட்டுப் பாத்தோம். தொண்ணூத்தெட்டு சதவீதம் திருட்டுன்னு காட்டுது. காளீஸ்வரின்னு ஒருத்தி ஏற்கெனவே எழுதிட்டாளாம். வேற தலைப்பு நான் தாரேன்."

அவளுக்கு வயது முப்பத்தொன்று. பட்டம் இல்லாமல் எந்தக் கல்லூரியிலும் வேலை இல்லை. ஆறு வருஷம் போட்ட இடத்தைவிட்டு வெறுங்கையோடு நகர மனித மனம் லேசில் சம்மதிக்காது. அவளும் போய் மறுபடியும் பதிவு செய்துகொண்டாள்.

புதிய ஆய்வாளருக்கு வரவேற்பு விழா வைத்தார்கள். மேடையில் ஒரு பக்கம் 'முன்னாள் தலைவர்' என்று அட்டை வைத்த நாற்காலி, மறுபக்கம் 'புதிய ஆய்வாளர்' என்று அட்டை வைத்த நாற்காலி. காளீஸ்வரியை முன்னாள் தலைவர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மூத்தவர்கள் தன்னைக் கேலிவதை செய்யவில்லை என்ற உறுதிமொழியில் அவளிடம் ஏற்கெனவே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். கீழே முதலாமாண்டு பொருளாதார வகுப்பை வரிசையாக உட்காரவைத்து, கைதட்டச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"மூத்த ஆய்வாளர் இளைய ஆய்வாளருக்கு அறிவுரை வழங்குவார்" என்று அறிவித்தார் முதல்வர்.

காளீஸ்வரி ஒலிபெருக்கி முன்னால் நின்று எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்தாள்.

"தாயி" என்றாள். "நீ முந்நூத்திப் பன்னெண்டு பேருகிட்ட அவுக கஷ்டத்தக் கேட்டு எழுதுன. அவுக ஒருத்தர் கூட உன்கிட்டப் பொய் சொல்லல. இங்கன ஒருத்தர் கூட உண்மை சொல்லல. இவுக கெட்டவுக இல்ல, ஏதோ சூழ்நிலைன்னு நெனச்சுக்கிட்டு இருந்த பாரு, அதுதான் நீ செஞ்ச தப்பு. இவுக கெட்டவுகதான். இன்னொரு ஆறு வருசத்த இவுககிட்டக் குடுக்காத. எந்திரிச்சுப் போயிரு."

பிள்ளைகள் சொல்லிக் கொடுத்தபடி கைதட்டினார்கள். முதல்வரும் தட்டினார், அவர் அப்போது போனில் இருந்தார்.

"நெஞ்சைத் தொடும் அறிவுரை. அடுத்து, புதிய ஆய்வாளரின் ஏற்புரை" என்றார்.

காளீஸ்வரி மேடையைவிட்டு இறங்கினாள். பையை எடுத்துக்கொண்டாள். வகுப்பின் நடுவே நடந்து, வளைவைத் தாண்டி, சாலைக்குப் போய் வெயிலில் நின்றாள். வந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். வெறுங்கை என்பது உறைத்தபோது அழுகை வந்தது. இறங்கித் திரும்பிப் போகலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தாள். இறங்கவில்லை.

மேடையில் முதல்வர் காலி நாற்காலியையும் தங்கபாண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னய்யா இது, நடவடிக்கைக் குறிப்ப இப்ப எப்படி எழுதுறது?"

"நேத்தே எழுதிட்டேன் சார். 'புதிய ஆய்வாளர் ஏற்புரை வழங்க, நாட்டுப்பண்ணுடன் விழா இனிதே நிறைவுற்றது.' கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

"அதுக்கு என்ன செய்ய?"

"அவுக கையெழுத்து எனக்கு மனப்பாடம் சார்."

"அப்பப் போடு" என்றார் முதல்வர்.

பதிவேட்டின்படி, காளீஸ்வரி அன்று முதல் இன்றுவரை ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. சென்ற மாதத் தேர்தலில் மறுபடியும் தலைவர் ஆனாள். இந்தத் தடவை மறுதேர்தல் தேவைப்படவில்லை.